ஏலமலைக்கு வந்த பறவை மனிதர்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் நீங்கள் எப்போதாவது போயிருக்கிறீர்களா? முந்தல் தாண்டியதும் பஸ் மலை ஏறத் தொடங்கும். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸுக்குள் பார்த்தால் பாதிப் பேர் தூங்கிக்கொண்டு இருப்பார்கள். மீதிப் பேர் வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு இருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

வெளியே பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். நாம் ஏறுகிற பக்கம் முழுவதும் காய்ந்த பாறை, முள்புதர், பழுப்பு நிறப் புல். உச்சியில் இருக்கும் போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, பூப்பாறை பக்கம் நாலு மைல் போய்விட்டால் எங்கு பார்த்தாலும் பச்சை! பெரிய பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் ஏலத்தோட்டங்கள், மலையில் படிந்த பனிமூட்டம். மலை ஒன்றுதான், முகம் மட்டும் இரண்டு. காரணம் எளிது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழை மேகங்கள் கேரளப் பக்கத்தில் மோதி அங்கேயே கொட்டிவிடுகின்றன. மிச்சம் மீதிதான் நம் பக்கம் வரும். இதைத்தான் உங்கள் புவியியல் புத்தகத்தில் மழை மறைவுப் பகுதி என்று போட்டிருக்கிறார்கள்.

இந்த ஏலமலைக்கு 1933-ஆம் ஆண்டு ஒருவர் வந்தார். அப்போது போடி மதராஸ் மாகாணத்தில் இருந்தது. மலையின் அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்ஜியம். வந்தவர் ஏலக்காய் வியாபாரியும் இல்லை, தோட்டம் வாங்க வந்த துரையும் இல்லை. ஒல்லியான, சின்ன உருவம். கழுத்தில் பைனாகுலர், கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பூப்பாறையைத் தாண்டி இருக்கும் சாந்தன்பாறையில் முகாம் போட்டுத் தங்கினார். அங்கே என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்று பார்த்து எழுதுவதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்!

அவர்தான் சலீம் அலி. இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகமே அழைத்தது அவரைத்தான். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

சலீம் 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி பம்பாயில் பிறந்தான். வீட்டில் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா இறந்துபோனார். மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமா அமிருதீன் தியாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் அந்தக் குழந்தைகளை எல்லாம் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அதனால் கேத்வாடி என்ற இடத்தில் இருந்த அந்த வீட்டில் அண்ணன், அக்கா, சொந்தக்காரப் பிள்ளைகள் என்று எப்போதும் கூட்டம்தான்.

மாமா பெரிய வேட்டைக்காரர். அந்தக் காலத்தில் பணக்காரர்களுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. சலீமுக்கும் ஓர் ஏர்கன் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு சிட்டுக்குருவிகளைச் சுடுவதுதான் அவனுக்கு விளையாட்டு. பறவைகளின் நண்பர் என்று பேர் வாங்கியவர் இப்படித்தான் ஆரம்பித்தார் என்றால் நம்ப முடிகிறதா? (இதைப் படித்துவிட்டு யாரும் கவட்டையைத் தேடாதீர்கள்! 1972-ஆம் ஆண்டிலேயே வன உயிரினங்களைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது.)

ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கும் சலீமுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. பத்து வயதிலேயே அவன் பார்த்ததை எழுதி வைத்தான். வீட்டுக் குதிரை லாயத்தில் ஒரு சுவர்ப் பொந்து. உள்ளே பெண் குருவி முட்டையில் உட்கார்ந்திருக்கும். வெளியே ஆண் குருவி காவல். வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்து சலீம் அந்த ஆணைச் சுட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வேறு ஓர் ஆண் குருவி வந்து அதே இடத்தில் காவல் நிற்கிறது! ஒரு வாரத்துக்குள் இப்படி ஏழெட்டு முறை நடந்தது. ஒவ்வொரு தடவையும் புதுக் காவல்காரன் எங்கிருந்தோ வந்துவிட்டான். கேட்கவே பாவமாக இருக்கிறது, இல்லையா? ஆனாலும் அந்தக் குறிப்பு வீண் போகவில்லை. சுமார் 60 ஆண்டுகள் கழித்து, அவர் பெரிய விஞ்ஞானி ஆன பிறகு, பறவை ஆராய்ச்சியாளர்களுக்காக அது அப்படியே அச்சில் வந்தது.

அடுத்து நடந்ததுதான் அவன் வாழ்க்கையையே மாற்றியது. ஒரு நாள் சுட்டு விழுந்த குருவி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். சிட்டுக்குருவி போலத்தான் இருந்தது. ஆனால் தொண்டையில் மட்டும் மஞ்சள் தடவியது போல் ஒரு திட்டு. கூட இருந்தவர்களுக்கு அது இன்னொரு குருவி, அவ்வளவுதான். சலீமுக்கு மனசு ஆறவில்லை. இது என்ன குருவி? இதைச் சாப்பிடலாமா, கூடாதா? மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். இத்தனை வருஷம் வேட்டையாடிய மாமாவுக்கும் தெரியவில்லை.

மாமா இங்கேதான் ஒரு நல்ல காரியம் செய்தார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிச் சமாளிக்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் கௌரவச் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, நேரில் போய்க் கேட்டுவரும்படி பையனை அனுப்பினார். பெரியவர்கள் எல்லோரும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்போது வெள்ளைக்காரர்களின் ஆட்சி. சலீம் அதுவரை ஒரு வெள்ளைக்காரரிடம் நேருக்கு நேர் பேசியது இல்லை. செத்த குருவியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, நெஞ்சு படபடக்கப் போனான். மில்லார்ட் முகம் சுளிக்கவில்லை. பார்த்தவுடனே அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல், இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். பறவைகளைக் கெடாமல் பதப்படுத்தி வைப்பது எப்படி என்றும் பிறகு அங்கே கற்றுக்கொடுத்தார்கள். இத்தனை வகைப் பறவைகள் நம் நாட்டில் இருக்கின்றனவா என்று பையன் அசந்துபோனான்.

ஒரு கட்டை விரல் அகலம்கூட இல்லாத அந்த மஞ்சள் திட்டைக் கவனிக்காமல் விட்டிருந்தால், சலீம் அலி என்ற பேரை இன்று நாம் கேள்விப்பட்டிருப்போமா என்பதே சந்தேகம்தான்.

படிப்பில் சலீம் சூரன் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு என்றால் அவனுக்குக் கசப்பு. அடிக்கடி தலைவலி வேறு. 13 வயதில் உடம்பு தேற சிந்து மாகாணத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். தட்டுத் தடுமாறி 1913-இல் மெட்ரிகுலேஷன் தேறினான். கல்லூரியில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. பர்மாவில் தவாய் என்ற ஊரில் குடும்பத்துக்குச் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. அங்கே போய்ச் சேர்ந்தான். சுற்றிலும் காடு, காடு நிறையப் பறவைகள்! தொழிலைக் கவனிக்கச் சொன்னால் பறவையைக் கவனித்தால் என்ன ஆகும்? தொழில் தேறவில்லை.

(இனி அவரை அவர் என்றே சொல்வோம். பெரியவர் ஆகிவிட்டாரே!)

ஊர் திரும்பி வணிகமும் விலங்கியலும் படித்தார். 1918-இல் தெஹ்மினாவைத் திருமணம் செய்துகொண்டார். பறவை ஆராய்ச்சியை வேலையாகச் செய்ய ஆசை. ஆனால் பெரிய பட்டம் கையில் இல்லாததால் அரசாங்கத்தின் விலங்கியல் துறையில் இடம் கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் அவருக்கே ஒரு எண்ணம் வந்தது: முறையாகக் கற்றுக்கொள்ளாமல் காலம் தள்ளக் கூடாது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் ஸ்டிரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். 1930-இல் திரும்பி வந்தால், அருங்காட்சியகத்தில் பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். செலவு குறையட்டும் என்று சலீம் அலியும் தெஹ்மினாவும் பம்பாய்க்கு அருகே கிஹீம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். அங்கே வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் கொத்துக் கொத்தாகத் தூக்கணாங்குருவிக் கூடுகள்.

தூக்கணாங்குருவியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நம் பக்கத் தோட்டத்துக் கிணற்று மேட்டில், தண்ணீருக்கு மேலே சாய்ந்த முள்மரத்தில் சுரைக்குடுக்கை மாதிரித் தொங்குமே, அதே கூடுதான். இந்தியாவில் கோடிப் பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாது. சலீம் அலி மரத்துக்கு அருகில் உயரத்தில் ஒரு மறைவு கட்டிக்கொண்டு, அதற்குள் மணிக்கணக்காக உட்கார்ந்தார். நாள் கணக்கில், மாதக் கணக்கில் பார்த்தார்.

என்ன தெரிந்தது தெரியுமா? கூடு கட்டுவது ஆண் குருவிதான். அதுவும் பாதிதான் கட்டும். பிறகு பெண் குருவிகள் கூட்டமாக வந்து, வீடு பார்க்க வந்தவர்கள் மாதிரி உள்ளே புகுந்து பார்க்கும். இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால் அந்தக் கூட்டில் தங்கும். பிடிக்கவில்லை என்றால் போய்க்கொண்டே இருக்கும்! பெண் குருவி ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஆண் மிச்சக் கூட்டைக் கட்டி முடிக்கும். முடித்த கையோடு பக்கத்திலேயே அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும், அடுத்த பெண் குருவிக்காக. யாரும் ஏற்காத பாதிக் கூடுகள் அப்படியே தொங்கும். கிணற்றடியில் பாதியில் நின்ற கூடுகளைப் பார்த்தால் இனி உங்களுக்குக் காரணம் புரியும். இந்தக் கட்டுரை வெளியானதும் சலீம் அலியின் பேர் வெளிநாடுகளிலும் பரவியது. வேலை போனதால் கிடைத்த கண்டுபிடிப்பு இது.

அதன் பிறகுதான் பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறார். அந்த நாளில் இந்தியாவில் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள் இருந்தன. அங்கெல்லாம் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று யாரும் முறையாகப் பட்டியல் எடுத்தது இல்லை. தனக்குச் சம்பளம் வேண்டாம், முகாமுக்கும் போக்குவரத்துக்கும் ஆகிற செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்று சலீம் அலி முன்வந்தார். முதலில் ஹைதராபாத். அடுத்து, 1933-இல் திருவிதாங்கூரும் கொச்சியும்.

அந்த ஆண்டு ஜனவரியில் மறையூரில் வேலை தொடங்கியது. மூணாறு, சாந்தன்பாறை, தட்டேக்காடு, பீர்மேடு, குமுளி என்று மலை மலையாக, காடு காடாகப் போய், கன்னியாகுமரி வரை முகாம்கள் நடந்தன. தெஹ்மினாவும் கூடவே வந்தார். பம்பாயில் வசதியாக வளர்ந்தவர், அட்டைக் கடியும் மழையும் குளிருமாக இருந்த அந்த முகாம் வாழ்க்கையை விரும்பி ஏற்றுக்கொண்டார். கணவரின் ஆங்கில எழுத்தைத் திருத்திக் கொடுப்பதும் அவர்தான். சலீம் அலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பல பேர் தெஹ்மினாவை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை.

அவர் வேலை செய்த முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே எழுந்து காட்டுக்குள் போய்விடுவார். பறவையைப் பார்த்தால் பேரை மட்டும் எழுதிக்கொண்டு வரமாட்டார். என்ன தேதி, எந்த இடம், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எந்த மரத்தில் இருந்தது, என்ன தின்றது, தனியாக இருந்ததா, கூட்டமாக இருந்ததா, கூடு வைத்திருந்ததா என்று எல்லாவற்றையும் குறிப்பார். ஒரு பறவையின் பேரோடு அது வாழும் இடத்தையும் சேர்த்து எழுதினால்தான் அந்தக் குறிப்புக்கு உயிர் என்பது அவர் கட்சி. ஆராய்ச்சிக்காக அன்று பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்யவும் வேண்டியிருந்தது. அந்த மாதிரிகள் இல்லாமல் பறவை வகைகளைச் சரியாகப் பிரிக்க முடியாத காலம் அது.

ஏலத்தோட்டம் பறவை பார்க்க நல்ல இடம். ஏன் தெரியுமா? ஏலச்செடிக்கு வெயில் ஆகாது, நிழல் வேண்டும். அதனால் தேயிலைத் தோட்டம் மாதிரி மலையை மொட்டையடித்துவிட்டு ஏலம் போட முடியாது. மேலே காட்டு மரம் நின்றால்தான் கீழே ஏலம் நிற்கும். மரம் இருந்தால் பழம் இருக்கும், பொந்து இருக்கும். பிறகு பறவைக்கு என்ன குறை?

ஏலப்பூவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போடியில் ஏலக்காய்க்கு ஏலம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். மூட்டை மூட்டையாகப் பார்த்திருப்பீர்கள். பூவைப் பார்த்தவர்கள் குறைவு. செடியின் உச்சியில் தேடினால் கிடைக்காது. அடியில், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கொத்தில் பூக்கும். வெள்ளை இதழ், அதில் ஊதா நிறத்தில் மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகள்தான் தேனீக்கு வழிகாட்டி. தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. பூச்சியை ஒழிக்க ஏலத்துக்கு அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்துக்குக் கெட்ட பூச்சி எது, தேனீ எது என்று தெரியாது. அதிகமாக அடித்தால், காய் பிடிக்க வைக்கும் தேனீயும் சாகும், பூச்சியைத் தின்று உதவி செய்யும் குருவிக்கும் இரை போய்விடும். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அம்மா, அப்பா இருக்கும் பிள்ளைகள் இதை வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் புத்தகத்தில் இருப்பதைவிட அதிகம் தெரியும்.

நான் வேலையில் இருந்தபோது, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த பறவைகளை எழுதச் சொல்வேன். முதல் நாள் காக்கா, குருவி, கோழி என்று மூன்றோடு நிற்பார்கள். கோழியைச் சேர்க்கலாமா என்று அதற்கு ஒரு சண்டை வேறு நடக்கும். மாதம் முடிவதற்குள் இருபதைத் தாண்டிவிடுவார்கள். பறவைகள் புதிதாக வந்து சேரவில்லை. கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். போடிமெட்டுச் சாலையே இதற்கு நல்ல பாடம். அடிவாரத்தில் கொண்டைக்குருவி பார்த்தால் வாலுக்கு அடியில் சிவப்பாக இருக்கும். மேலே போகப் போக, கன்னத்தில் சிவப்பு மீசை வைத்த இன்னொரு கொண்டைக்குருவி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓடை ஓரத்தில் விடியற்காலையில் ஒரு பையன் ராகம் தெரியாமல் சீட்டி அடிக்கிற மாதிரிக் கேட்டால் திரும்பிப் பாருங்கள். கருநீல நிறத்தில் சீகாரப் பூங்குருவி உட்கார்ந்திருக்கும். அதே ஓடையில் சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டில்களும் மிதக்கும். நோட்டில் பூங்குருவியை எழுதுகிற பக்கத்திலேயே பாட்டில் எத்தனை என்றும் எழுதலாம். இரண்டும் நீங்கள் கண்ணால் கண்டதுதானே!

சரி, கதைக்கு வருவோம். 1939-இல் சலீம் அலிக்குப் பெரிய இடி விழுந்தது. சின்ன அறுவைச் சிகிச்சை ஒன்றுக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். முகாமில் நிழல் போலக் கூட இருந்தவர் போய்விட்டார். அதன் பிறகு தங்கை போல் பார்த்துக்கொள்ள ஒரு சகோதரியின் வீடு அமைந்தது. துக்கத்தை வேலையில் கரைத்தார். 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. வண்ணப் படங்களோடு, சாதாரண மக்களும் புரட்டிப் பார்த்துப் பறவையை அடையாளம் காணும்படி எழுதியிருந்தார். ரிப்ளி என்ற அமெரிக்கருடன் சேர்ந்து எழுதிய பெரிய பறவைக் களஞ்சியம் பத்துத் தொகுதிகள். அது முடிந்தபோது 1974. அவருக்கு வயது 78 ஆகப் போகிறது!

எப்போதும் காட்டிலேயே இருந்த சாமியார் என்று நினைக்காதீர்கள். அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950-இல் ஸ்வீடனில் உலகப் பறவை ஆராய்ச்சியாளர் மாநாடு நடந்தது. 53 வயதுக்காரர், தன் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பா முழுவதும் ஓட்டிக்கொண்டே மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வழியில் சில இடங்களில் விழுந்து அடியும் பட்டது. மூட்டை முடிச்சோடு வண்டியில் வந்து இறங்கியவரைப் பார்த்தவர்கள், இந்தியாவிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்களாம். அப்படி வராமல் போனோமே என்று அவருக்கு வருத்தம்!

பார்த்து எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. சுதந்திரம் வந்த புதிதில் ராஜஸ்தானின் பரத்பூர் ஏரிப் பகுதியை வயலாக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பல்லாயிரம் நீர்ப்பறவைகள் கூடும் இடம் அது. நேருவிடம் எடுத்துச் சொல்லி அதைக் காப்பாற்றினார். பிறகு கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு. பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம் போட்டார்கள். கட்டினால் பழமையான மழைக்காடு மூழ்கும். சிங்கவால் குரங்குகளின் வீடு போய்விடும். கேரளத்து ஆசிரியர்கள், கவிஞர்கள், மாணவர்கள் என்று பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். முதிர்ந்த வயதில் சலீம் அலியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1983-இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அது தேசியப் பூங்கா ஆனது. மின்சாரம் வேண்டாமா என்று கேட்டவர்களும் அன்று இருந்தார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் மின்சாரத்துக்கு வேறு வழி உண்டு, அழிந்த மழைக்காட்டைத் திரும்ப உண்டாக்க வழி இல்லை.

நம் தேனி மாவட்டத்துக்கும் அவருக்கும் இன்னொரு சொந்தம் இருக்கிறது. கேளுங்கள். 1948-இல் மேகமலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஹட்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பாடம் செய்து, பம்பாய்ச் சங்கத்துக்கு அனுப்பினார். ஏற்கெனவே தெரிந்த வகைதான் என்று நினைத்து அதை எடுத்து வைத்துவிட்டார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் அது பெட்டியிலேயே கிடந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த தொங்லொங்யா என்ற விஞ்ஞானி அதன் பற்களை நுணுகிப் பார்த்தபோதுதான், உலகத்துக்கே தெரியாத புது வகை என்று புரிந்தது. 1972-இல் அதற்குச் சலீம் அலியின் பேரை வைத்தார்கள். பறவை மனிதரின் பேரில் ஒரு வௌவால்! வால் இல்லாத வௌவால் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதன் பிறகு பல காலம் கண்ணிலேயே படாமல் இருந்து, 1993-இல் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது.

பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகளும் மாநிலங்களவை உறுப்பினர் பதவியும் அவரைத் தேடி வந்தன. 1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, 90 வயதில், பம்பாயில் மறைந்தார். அவர் பேரில் 1990-இல் கோயம்புத்தூர் ஆனைகட்டியில் பறவை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1933-இல் அவர் தங்கி வியந்த தட்டேக்காட்டில் அவர் பேரில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது.

அவர் எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள் என்ன ஆயின? அவைதான் இப்போது பெரிய சொத்து. சுமார் 75 ஆண்டுகள் கழித்து, 2009-இல், கேரளத்துப் பறவை ஆராய்ச்சியாளர்கள் அவருடைய குறிப்புகளை வைத்துக்கொண்டு, அவர் தங்கிய இடங்களுக்கே மறுபடியும் போனார்கள். அன்று இருந்தது எது, இன்று இல்லாதது எது என்று ஒப்பிட்டார்கள். குறிப்பு இல்லாவிட்டால் இதைச் செய்யவே முடியாது.

ஒப்பிட ஏதும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகு ஓர் உதாரணம். நான் சின்னப் பையனாக இருந்தபோது, மாடு செத்தால் வானத்தில் எங்கிருந்தோ கழுகுகள் வந்து இறங்கும். இப்போது கிடையாது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கொன்றுவிட்டது. 2006-இல் அந்த மருந்தை மாடுகளுக்குப் போடத் தடை வந்தது. அதற்குள் நாடு முழுவதும் கழுகுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. நம் ஊருக்கு எந்த வருஷத்தோடு கழுகு வருவது நின்றது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு வருஷம் சொல்வார்கள்.

2009-இல் போனவர்கள் கண்ட இன்னொரு செய்தி மயிலைப் பற்றியது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி முகாம்களில் சலீம் அலியின் குறிப்பில் மயிலே இல்லை. 2009-இல் அதே வழியில் பல இடங்களில் மயில் இருந்தது! நல்லதுதானே, அழகான பறவை பெருகியிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மயில் காய்ந்த புதர்க்காட்டுப் பறவை. நம் போடிப் பக்கத்து மானாவாரிக் காடுதான் அதற்குச் சொர்க்கம். மழை கொட்டும் அடர்ந்த காடு அதற்கு ஆகாது. அப்படியானால் மழைக்காட்டுச் சீமையில் அதற்கு என்ன வேலை? அந்த நிலம் வறண்டு வருவதற்கு மயில் ஓர் அடையாளமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

நம் பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். முந்தலில் மயில் அகவுவது எல்லோருக்கும் பழக்கம். மேலே ஏறும்போது எத்தனையாவது வளைவு வரை அந்தச் சத்தம் கேட்கிறது? போடிமெட்டில் கேட்கிறதா? பூப்பாறையில்? மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை பாருங்கள். தேதி, நேரம், எந்த வளைவு, எத்தனை மயில் என்று எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் மழையில் நனைந்தாலும் அழியாது.